கதிரையில் இருந்தவரின் கூலி

பதுளைக்கு டீவி வந்த புதிதில், அன்டெனா பொருத்துவது பகல் வேலையாக இருக்கவில்லை. இது இப்போது பலருக்கு மறந்துபோயிருக்கும். ஒளிபரப்பு அந்தியில்தான் தொடங்கும். அதற்குச் சற்று முன் வட்டமும் கட்டமுமாக அசையாத படம் ஒன்று வந்து நிற்கும். அது வருவதற்குள் கூரையில் குழாயை நட்டு, இழுவைக் கம்பி கட்டி, வயரை வீட்டுக்குள் இறக்கி எல்லாவற்றையும் முடித்து வைக்கலாம். ஆனால் அன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்பது படம் வந்தால்தான் தெரியும். எங்கள் ஊரில் எந்தக் கூரையில் ஏறி நின்றாலும் சுற்றிலும் மலை. அலை நேராக வந்து சேருகிற வீடுகள் குறைவு. எதிர்மலைப் பாறையில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்க வேண்டிய வீடுகளே அதிகம். சில வீடுகளில் ஒரு மணித்தியாலத்தில் படம் வரும். சில வீடுகளில் மூன்று அந்திகள் போகும்.

நான் அப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பத்தொன்பது வருடம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது புதிய துரை தன் ஆட்களோடு வந்தார். என் மேசையில் வேறொருவர் உட்கார்ந்தார். கடை முதலாளி ஒரு முஸ்லிம். தோட்டத்துக்கு ரேடியோ பற்றரி விற்க வந்த காலத்திலிருந்தே பழக்கம். வேலை கேட்டுப் போனபோது அதிகம் யோசிக்காமல் வரச் சொன்னார், கடைக்குப் பின்னால் ஓர் அறையும் தந்தார். கடைசி வரை என்னைக் கிளாக்கர் என்றே கூப்பிட்டார். என் மனைவி அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். தம்பிமார் இருவரும் குடும்பங்களோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு பொங்கலுக்கு மட்டும் வந்தது.

கடையை ஆறு மணிக்குப் பூட்டுவோம். பூட்டை நான் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். முதலாளி தெருமுனையில் திரும்பும்போது நாலாவது தடவையும் இழுத்துப் பார்ப்பேன். அதற்குப் பிறகு மறுநாள் காலை கடை திறக்கும் வரை என்னோடு பேச ஒருவரும் இல்லை. அறை ஜன்னலில் நின்று பஸ் நிலையத்திலிருந்து புறப்படும் பஸ்களை எண்ணுவேன். பசறைக்கு இத்தனை, ஹாலிஎலைக்கு இத்தனை, லுணுகலைக்கு இத்தனை. ஏதாவது ஒன்று குறைந்தால் என்ன நடந்திருக்கும் என்ற யோசனையிலேயே சாப்பாடு ஆறிப்போகும்.

பொருத்து வேலைக்குக் கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தெமோதரைக்காரர். தேயிலை ஃபக்டரியில் ஃபிட்டருக்குக் கையாளாக இருந்து வேலை பழகியவர். வயது நாற்பதுக்குள். அவருடைய மனைவி இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்ததால் குடியிருப்பு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில்தான். காலையில் ரயிலில் வருவார். மற்றவரை எல்லோரும் நானா என்று கூப்பிட்டோம்; முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் முறை. அறுபதைத் தாண்டிய முஸ்லிம். ரேடியோ திருத்திப் பழகியவர். ஒரு முழங்கால் மடங்காது என்பதால் ஏணியில் கால் வைக்க மாட்டார்.

தெமோதரைக்காரர் கூரையில் நின்று குழாயை மெல்ல மெல்லத் திருப்புவார். நானா வீட்டுக்குள் டீவிக்கு முன்னால் கதிரையில் இருந்து, படத்தைப் பார்த்துச் சொல்லுவார். இருவருக்கும் இடையில் திறந்த கதவும் ஓடும்தான். அலை இரண்டு வழியாக வந்து சேர்ந்தால் உருவம் இரட்டையாகத் தெரியும். வேலையில் பாதி அதைக் களைவதுதான். நானா அதை ஒரு நாளும் நேராகச் சொன்னதில்லை.

"ஆளுக்குப் பின்னால இன்னொரு ஆள் நிக்கிறான்டா."

"யாரு நானா, உங்க மாமனாரா?"

"அவரெண்டா முன்னால வந்து நிண்டிருப்பார். இடது பக்கம் கொஞ்சம் எடு. கொஞ்சம் எண்டா கொஞ்சம், ஒன்ட கல்யாணச் சாப்பாட்டுக் கொஞ்சம் இல்ல."

வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நிற்பார்கள். இப்படிப் பேசிப் பேசியே படத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

வானொலிக் கம்பி கட்டிய காலத்தில் இருவருக்கும் நாட்கூலி, ஒரே தொகை. டீவி வந்தபின் அது சரிவரவில்லை. நாட்கூலி ஐந்து மணிக்கு முடிந்தது. உண்மையான வேலை ஐந்து மணிக்குமேல்தான் தொடங்கியது. முதலாளி ஒரு முடிவோடு என்னிடம் வந்தார். இனி அன்டெனா ஒன்றுக்கு இவ்வளவு, அதுவும் படம் வந்தால்தான். தெமோதரைக்காரருக்கு நாற்பது ரூபாய், நானாவுக்கு இருபது. வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் அவரிடம் முறையிட்டிருந்தார்களாம்: ஒருவர் கூரையில் கஷ்டப்படுகிறார், மற்றவர் எங்கள் ஹோலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு டீவி பார்க்கிறார், அதற்கும் நாங்கள் காசு கட்டுகிறோமா என்று.

எனக்கு இது மனதுக்குச் சரியாகப் படவில்லை. டவுன் வீட்டுக்கும் லுணுகலை வீட்டுக்கும் ஒரே தொகை எப்படி? ஓட்டுக் கூரைக்கும் தகரக் கூரைக்கும்? பஸ் காசு யாருடையது? படம் வராமல் திரும்புகிற அந்திக்கு என்ன கணக்கு? இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். நானே கூடப் போய்ப் பார்த்து ஒரு விகிதம் எழுதித் தருகிறேன் என்றேன். அந்தியில் எனக்கு வேறு வேலையும் இருக்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தில், முதலாளியிடம் சொல்லிக் கடையிலிருந்து நேரத்தோடு கிளம்பி, ஒன்பது வீடுகளுக்குப் போனேன். எனக்கு ஞாபகம் நிற்பது லுணுகலையில் ஒரு கடைக்காரரின் வீடு. கடைவீதிக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. காற்று மேலிருந்து கீழே அடித்ததால் நானாவின் குரல் கூரைக்குப் போய்ச் சேரவில்லை. என்னைக் கடைவீதியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் படிக்கட்டின் நடுவில் நிற்க வைத்து, உள்ளே சொல்வதை மேலே சொல்லும்படி கேட்டார்கள். நானா சொன்னதைக் கேட்டு, அதற்கு எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கும் என்று யோசித்துச் சொன்னேன். அதற்குள் படம் போய்விட்டது. மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை மேலிருந்து குரல் வந்தது.

"ஐயா, அவரு சொல்றத அப்படியே தூக்கிப் போடுங்க. நிறுத்துப் பாத்துக் குடுக்காதீங்க."

உள்ளே நானா இருமும் அளவுக்குச் சிரித்தது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. மாமனாரையும் கல்யாணச் சாப்பாட்டையும் அப்படியே உரத்துச் சொன்னேன். கடைவீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவன் நடுத்தெருவில் இப்படிக் கத்துகிறேனே என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணம் அது போய்விட்டது. அன்று படம் வரவில்லை. மறுநாள் அந்தியில், எதிர்மலைப் பாறையை நோக்கி அன்டெனாவைத் திருப்பியபோது வந்தது. இரண்டு நாளும் பஸ்ஸில் மூவரும் பின் சீட்டில் உட்கார்ந்து திரும்பினோம். அவர்கள் இருவரும் எனக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்து, நான் நடுவில் இருப்பதையே பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒரு பயணம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

முதலாளியிடம் என் விகிதத்தைக் கொடுத்தேன். தூரத்துக்கு ஏற்ப மூன்று தொகை. பஸ் காசு தனி. முதல் அந்தியில் படம் வராவிட்டால் இரண்டாவது அந்திக்கும் மூன்றாவது அந்திக்கும் மேலதிகம். எல்லாவற்றிலும் இருவருக்கும் சமம். மற்றதையெல்லாம் அவர் ஒத்துக்கொண்டார். சமம் என்ற இடத்தில் நிறுத்திவிட்டார்.

"மேல ஏறுறவன் விழுந்தா கால் முறியும் கிளாக்கர். கதிரையில ஈக்கிறவன் விழுந்தா என்ன முறியும்?"

கதிரையில் இருப்பவர் பிழையாகச் சொன்னால் மேலே இருப்பவர் இன்னும் ஒரு மணித்தியாலம் பனியில் நிற்க வேண்டிவரும் என்றேன். அது கெட்டித்தனம், வேலை இல்லை என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தன் கடை வாடகையையும் மூன்று பெண் பிள்ளைகளையும் நினைத்துப் பேசினார். நானாவுக்குப் பாதி என்று முடிவாயிற்று.

அந்தச் சனிக்கிழமை நான்தான் கூலி கொடுத்தேன். நானா தன்னுடையதை வாங்கி எண்ணாமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உண்மையில் அது பழைய நாட்கூலியைவிடக் கூடவே இருந்தது. அவர் முகம் மலர்ந்திருந்தது. மீன் வாங்க வேண்டும் என்று சொன்னார். தெமோதரைக்காரர் தன் காசைக் கையில் வைத்தபடியே நானாவின் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நானாவுக்கு அரைப்பேரா போட்டீங்க ஐயா?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்களுக்கும், கொழுந்து நிறை குறைந்தவர்களுக்கும் அரைப்பேர் போடுவார்கள். வருடக்கணக்காக அதைச் செக்ரோல் பதிவேட்டில் எழுதியவன் நான். எனக்கு அது ஒரு சின்னக் கோடு. அரைப்பேர் வாங்கியவருக்கு அது என்ன என்பதை லயத்தில் இருந்தவர்களைக் கேட்க வேண்டும். காசு குறைவதற்கு யாரும் அவ்வளவு அழுவதில்லை.

மூவரும் எதிர்க்கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனோம். தெமோதரைக்காரர் அங்கே வைத்து நானாவுக்கு அதை விளங்கப்படுத்தினார். பிள்ளைக்குக் காய்ச்சல் வருத்தமாக இருந்த நாட்களில் மனைவி பெரட்டுக்குப் பிந்திப் போய் அரைப்பேர் வாங்கியதைச் சொன்னார். மறுநாள் பேர் கூப்பிடும்போது யாரோ சிரித்தார்களாம். அன்று முழுவதும் அவள் வீட்டில் வாய் திறக்கவில்லையாம். நானா டவுனில் பிறந்து வளர்ந்தவர், பெரட்டைக் கண்ணால் கண்டதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் உங்கள் தோட்டத்துப் பேச்சு, எனக்குக் கிடைக்கிறது போதும், சும்மா இரு என்றார்.

"காசப் பத்தி இல்லைங்க நானா. உங்களப் பாதி ஆளுன்னு எழுதுறாங்க."

தெமோதரைக்காரர் இதை அன்பாகத்தான் சொன்னார். நானா தேத்தண்ணிக் கிளாசைக் கீழே வைத்தார். அதில் பாதிக்குமேல் இருந்தது. மீன் கடை மூடிவிடும் என்று எழுந்து போனார். ஆனால் மீன் கடைப் பக்கம் போகவில்லை; பள்ளிவாசல் பக்கம் திரும்பினதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை தெமோதரைக்காரர் ஏணியைத் தொட மாட்டேன் என்றார். நானாவுக்கும் முழுசு கொடுத்தால்தான் ஏறுவாராம். முதலாளி கோபப்பட்டார், பிறகு இறங்கி வந்தார். இருவருக்கும் சேர்த்து ஒன்றரைப் பங்கு தருகிறேன், அதை நீங்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன என்றார். தெமோதரைக்காரர் அதற்குச் சம்மதித்தார். நானா சம்மதிக்கவில்லை. கூரையில் நிற்கிறவனுடைய காசில் நான் ஏன் கை வைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, கடைக்கு வெளியே வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை வாங்கு காலியாக இருந்தது. புதன்கிழமை, பள்ளிவாசலுக்கு வருகிற ஒருவர், நானா வெலிமடைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். சாமான் பெட்டியில் அவருடைய சின்ன ஸ்க்ரூ டிரைவர் மட்டும் இல்லை. மற்ற எல்லாம் இருந்தன. நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. பதினான்கு வீட்டுக்காரர்கள் முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தி வேலைக்கென்று வாடிக்கையாளரிடம் பத்து ரூபாய் கூட வாங்கலாம், அதில் நானாவின் மற்றப் பாதியில் ஒரு பங்கு வந்துவிடும், மீதியைக் கடை தாங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். தாளை வாங்கித் தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். "சரி, ரெண்டு பேருக்கும் ஒண்டு. நீங்களே போய் அந்த மனிசனுக்குச் செல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் தெமோதரைக்காரரும் வெலிமடை பஸ் ஏறினோம். அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கியிருந்தார். போகிற வழியெல்லாம் நானா எப்படித் திட்டப் போகிறார் என்பதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு மனதுக்குள் பயமாக இருந்தது. ஆனாலும் என் கணக்கு சரியாக வந்திருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. இனி மூவரும் பின் சீட்டில் உட்காருவோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

மகள் வீட்டு முன்னறையில் சின்னக் கடை ஒன்று இருந்தது. நானா கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார், வட்டிலப்பம் வந்தது. விஷயத்தை நான்தான் சொன்னேன். இருவருக்கும் சமம், இரண்டாவது அந்திக்கு மேலதிகம், பஸ் காசு தனி. அவர் தலையாட்டிக் கேட்டார்.

"நல்ல விகிதம் கிளாக்கர். வாறவனுக்கு நல்லம்."

"நீங்கதான் வரணும் நானா. முழுசாத் தராங்க" என்றார் தெமோதரைக்காரர்.

"முழுசு எதுக்குத் தாறாங்க? நீ ஏற மாட்டன் எண்டு நிண்டதுக்கு. என்ட வேலைக்கு இல்ல."

"எதுக்கா இருந்தா என்னங்க. காசு காசுதானே."

"காசப் பத்தி இல்ல எண்டு நீதானேடா செல்லித் தந்த."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தெமோதரைக்காரர் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை அப்போதுதான் எடுத்து மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு நானா அவருடைய பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார், என் முதுகு வலியைப் பற்றிக் கேட்டார். திரும்பும்போது எங்கள் இருவருக்கும் கிழங்கு கட்டித் தந்தார். காசு வாங்க மறுத்தார். பஸ்ஸில் இடம் தாராளமாக இருந்தும் தெமோதரைக்காரர் எனக்கு முன்னால் தனிச் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஊவாப் பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் கிடந்தது. நான் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கதிரைக்கு ஆள் வேண்டும். கடையில் வேறு யாரும் இல்லை. அந்தியில் கிளாக்கர் சும்மாதானே ஈக்கிறீங்க என்றார் முதலாளி. போகிறேன், ஆனால் முழுக்கூலி வேண்டும் என்றேன். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு எதற்கு என்று கேட்டார். இன்று நான் சும்மா உட்கார்ந்தால் நாளை எனக்குப் பிறகு வருகிறவனையும் சும்மா உட்காரச் சொல்வீர்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அந்த விகிதம் கடை இருந்த வரைக்கும் மாறவில்லை.

முதல் வேலை ஹாலிஎலைக்கு மேலே ஒரு பள்ளிக்கூட அதிபரின் வீட்டில். பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் கதிரையில் இருந்து, கதவைத் திறந்து வைத்து, வருது, போகுது, இடது, வலது என்று ஒழுங்காகச் சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். மேலிருந்து ஒரு சத்தமும் இல்லை. குழாய் திரும்பும் கிறீச்சொலி மட்டும். சீக்கிரமே படம் நின்றுவிட்டது. இரட்டை இல்லை, கோடு இல்லை. சரி என்று கத்தினேன்.

அவர் இறங்கவில்லை. சிறிது நேரத்துக்குப் பிறகு கூரையிலிருந்து கேட்டார்.

"என்னங்க ஐயா தெரியுது?"

"செய்தி. ஒரு அம்மா வாசிக்கிறா."

"எப்படி இருக்காங்க?"

எனக்கு மாமனார் கதை சொல்லத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். சேலையில் பூ இருக்கிறது, சின்னச் சின்னப் பூ, தோளில் ஏழு தெரிகிறது என்றேன். கழுத்தில் ஒரு சங்கிலி. மேசையில் தாள்கள், ஒன்றை எடுத்து அடியில் வைக்கிறார் என்றேன். மேலே "ம்" என்று சத்தம் வந்தது. பிறகு ஒரு பாலம் காட்டினார்கள், அதைச் சொன்னேன். ஒரு மந்திரி ரிப்பன் வெட்டினார், அதையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து ஒரு "ம்" வந்தது. அதிபரும் பிள்ளைகளும் டீவியை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். அதிபரின் மனைவி மெல்ல எழுந்து வந்து, படந்தான் சரியாகிவிட்டதே, பனி உள்ளே வருகிறது, கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு நான் அடுத்த செய்தியைச் சொன்னேன்.